மேலேயே பிடிக்கும் பிரேக்

...பிரேக் பம்ப் புதுசு, பேட் புதுசு, ஆயில் நேற்றுதான் டின் உடைத்து ஊற்றியது, அப்புறம் எப்படி நாலு சக்கரமும் ஒரேயடியாகக் கவ்விக்கொள்ளும், என் கை பட்ட வண்டியாவது நடுரோட்டில் நிற்பதாவது, என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெகதீஸ்வரன் தவமலர் ஓட்டும் பள்ளி வேனுக்கடியில் ஜாக்கியைத் தள்ளினார். இருபத்தாறு வருஷமாக எஸ்டேட் ஒர்க்‌ஷாப், இந்த மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை பிரேக் என்றால் அவர்தான்... ஒரு மணிக்குப் பள்ளி விட்டுவிடும், பதினொரு பிள்ளைகள் கேட்டில் நிற்பார்கள், மணி இப்போதே பன்னிரண்டு இருபது, இருக்கட்டும், இருபது நிமிஷ வேலை, இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? "பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே எறங்கினியா மலரு?" "என்னையப் பார்த்தா அப்படியாண்ணே இருக்கு? ரெண்டாவது கியர்லதான்லா வந்தேன். காலை எடுத்தாலும் அதுவா பிடிக்குது, விடவே மாட்டேங்குது." எல்லா டிரைவரும் பாடுகிற பாட்டுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டின் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டிய குகனேஸ்வரனும் இதையேதான் பாடினான், சக்கரத்தில் புகை கிளம்பி லோரி பாதி இறக்கத்தில் இறுகி நின்றபோது. எஸ்டேட் துரை இவரைக் கூப்பிட்டுக் கேட்டார், கால் பிரேக்கிலேயே இருந்திருக்கு சார் என்று இவர் பட்டென்று சொன்னார், வேலை போய் ஒரே மாதத்தில் குகன் எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு திரிங்காப்புக்கு முட்டைக்கோஸ் கூடை ஏற்றப் போய்விட்டான்... சரி, அது பழைய கதை, இப்போது முன்சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திற பார்ப்போம். திறந்தார், ஆயில் சுரீரென்று பீய்ச்சியது, சக்கரம் கைக்கு லேசாகச் சுழன்றது. அட! அப்படியானால் பேட் இல்லை, சக்கரமே இல்லை, சக்கரத்துக்குப் போன ஆயில் பம்புக்குத் திரும்ப வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது, சூடாக ஆக அதுவே பிரேக்கை அழுத்துகிறது.

நிப்பிளை முறுக்கிவிட்டு டிரைவர் சீட்டுக்கடியில் தலையை நுழைத்தார். பெடலை விரலால் தொட்டுப் பார்த்தார், துளி ஆட்டம் இல்லை, தொட்டதுமே கெட்டியாக நின்றது. அவர் வைத்ததுதான். மலை வண்டிக்குப் பெடல் மேலேயே பிடிக்க வேண்டும், கீழே இறங்கினால் இங்கே எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான், அதனால் பம்பைத் தள்ளும் ராடை அவர் எப்போதுமே ரெண்டு சுற்று நீட்டிவிடுவார், நம்ம ஜெகதீஸ்வரன் கை வைத்தால் பெடல் பாறை மாதிரி என்று ஊரே சொல்லும், அவருக்கும் அது கேட்கப் பிடிக்கும்... பழைய பம்ப் தேய்ந்திருந்ததால் அதைத் தாங்கியது. புதுப் பம்பை அதே ராடு எந்நேரமும் அரை மூச்சு அழுத்தியே வைத்திருக்கிறது, காலே வைக்காமல். ஸ்பானரைப் போட்டு ரெண்டு சுற்றைத் திருப்பினார், பின்சக்கரங்கள் 'டொக்' என்று விட்டன. அவ்வளவுதான்! எந்த ஒர்க்‌ஷாப்காரன் இதைப் பத்து நிமிஷத்தில் பிடிப்பான்?

தவமலர் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாள். "கொஞ்சம் எறங்குதேண்ணே?"

"எறங்கணும்மா. அந்த ஆட்டம் இல்லாம வெச்சது என் தப்பு. நீ கால் வைக்கல."

சொல்ல ஒன்றும் கஷ்டமாக இல்லை, அவள் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள், வேன் வளைவில் லேசாக இறங்கி மறைந்தது, பிள்ளைகளை ஏற்ற நேரத்துக்குப் போய்விடும். நீ கால் வைக்கல... கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். கொழுந்து லோரிக்கு அந்த வாரம்தானே புதுப் பம்ப் மாட்டியது? மாட்டியவர் யார்? பெடல் பாறையாய் இருக்குண்ணே என்று குகன்தானே தோளில் தட்டிச் சொன்னான்? அந்தத் துரையும் மாறிப் போய்விட்டார், லைன் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது, இனி யாரிடம் போய் எதைச் சொல்வது... குகன் இப்போதும் கோயிலில் பார்த்தால் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பான், வண்டிங்கல்லாம் எப்படிண்ணே ஓடுது என்று கேட்பான். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு அவன் வருவான்.