செத்த சாரைக்குப் பத்துப் பாண்

இராசநாயகத்தாரைப் பொறுத்தவரை அந்தச் சாரைப்பாம்பு செத்து, எரிந்து, சாம்பலாகி இருபத்திரண்டு நாட்கள். கதிரவேலுவைப் பொறுத்தவரை ஆள் கிணற்றடிக் கல்லுக்குவியலுக்குள் சுகமாக இருந்தார். நேற்று ஒரு எலி. முந்தாநாளும் ஒன்று, அது குட்டிதான்.

நீர்வேலியில் இராசநாயகத்தாருக்கு இருக்கிற வாழைத்தோட்டத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டில். பதினெட்டு வருடமாகக் கதிரவேலு அதற்குள்தான். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு தனி ஆள். வயது ஐம்பத்தாறு. தோட்டம் இருந்தால் கொட்டில், கொட்டில் இருந்தால் தலைக்கு மேல் ஒரு தகரம். பாம்பு உயிரோடிருக்கிற விசயம் வெளியில் வந்தால் அந்தத் தகரமும் போய்விடும்.

நடந்தது இதுதான். கார்த்திகையில் ஒருநாள், களை பிடுங்க வந்த பெண்களுக்கு இராசநாயகத்தார் கிணற்றடியில் நின்று துணிச்சலைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். பூச்சி புழுவுக்குப் பயந்தால் தோட்டம் செய்ய ஏலாது என்று சொல்லி முடிக்கவில்லை, ஆள் அவருடைய வலது பாதத்தின் மேலால் ஊர்ந்து போனார். அடுத்த கணம் இராசநாயகத்தார் தண்ணீர்த்தொட்டிக்குள் இடுப்பளவில் நின்றார். பெண்கள் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குனிந்தார்கள்.

"நாகமெண்டால் பால் வைச்சுக் கும்பிடலாம். உது சாரை. அடிச்சு எரி," என்று தொட்டிக்குள் நின்றபடியே சொன்னார்.

கதிரவேலு ஒரு பழைய சைக்கிள் ரியூப்பையும் அறுந்த மிசின் பெல்ற்றையும் சருகுக்குள் வைத்துக் கொளுத்தினார். இராசநாயகத்தார் தூர நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இப்படி நாறுவதென்றால் நல்ல வயது போன பாம்பாகத்தான் இருக்கவேண்டும் என்றார்.

பொய் சொன்னது பாம்பில் உள்ள பக்தியால் அல்ல. எலி கிழங்கைத் தோண்டினால் வாழை சரியும், சரிந்த வாழைக்கு ஏச்சு வாங்குவது கதிரவேலு. ஆள் அவருக்கு ஏச்சு விழாமல் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் உறவு.

மூன்று வருடத்துக்கு முன்னர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு பெட்டை வந்தாள். பெயர் தர்சிகா, ஊர் பண்டத்தரிப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். தன்னில் பாதி வயதும் இல்லாத அவளைக் கதிரவேலு ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் முதன்முதலில் கடைசி வரிவரை வாசித்தது வாழைக்கு அடிக்கிற மருந்துப் போத்தலை. 'கையுறை அணியவும். வெற்றுடலுடன் தெளிக்க வேண்டாம்.' பதினைந்து வருடமாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலில் ஒன்றுமில்லாமல், காலில் செருப்புமில்லாமல் அந்த மருந்தைத்தான் அவர் அடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து நடுவில் தான் அம்மணமாக நிற்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. போய்க் கையுறை கேட்டார், சப்பாத்துக் கேட்டார்.

"இவ்வளவு காலமும் உதில்லாமல் அடிச்சனீ. செத்தே போனாய்?" என்றார் இராசநாயகத்தார். எழுத்துப் படித்த பிறகு அவனுக்கு வாய் நீண்டுபோச்சு என்று ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தார். கையுறை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மார்கழியில் தர்சிகா தோட்டத்துக்கே வந்துவிட்டாள். தன்னுடைய ஆராய்ச்சிக்கு ஒரு பாம்பு வேண்டுமாம். கதிரவேலுவிடம் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவரே ஒரு சனிக்கிழமை வாய்விட்டிருந்தார்.

ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முன்னர், எகிப்து, சிரியாப் பக்கத்தில், வேதக்காரருக்குள்ளேயே ஒரு கூட்டம் இருந்ததாம். பாம்பை வணங்கியவர்கள். ஏதேன் தோட்டத்தில் அந்தப் பழத்தைத் தின் என்று சொன்ன பாம்புதான் மனிசருக்கு முதல் அறிவு தந்தது, அதுதான் நல்ல ஆள் என்பது அவர்களின் கட்சி. ஒரு பெட்டிக்குள் பாம்பு வளர்ப்பார்களாம். மேசையில் அப்பத்தைக் குவித்துவைத்துப் பெட்டியைத் திறந்தால் பாம்பு தானாக வந்து அப்பத்தைச் சுற்றிப் படுக்குமாம். அதற்குப் பிறகுதான் அப்பத்தைப் பிய்த்துத் தின்பார்களாம். ஒவ்வொருவரும் பாம்பின் வாயில் கொஞ்சுவார்களாம். இதை அப்படியே செய்து போனில் படம் பிடித்துக் கருத்தரங்கில் காட்டவேண்டும் என்றாள்.

உதெல்லாம் ஆர் பார்த்து எழுதினது என்று கதிரவேலு கேட்டார். அவர்களைப் பிடிக்காத பாதிரிமார் எழுதியதுதான் அதிகம் என்றாள் தர்சிகா.

"அப்ப என்னைப் பற்றி முதலாளியிட்டைக் கேட்டு எழுதின மாதிரி," என்றார் கதிரவேலு. "அது கிடக்கட்டும். அந்தத் தோட்டத்துக்காரர் என்னவாம்?"

அவர் பெரிய கடவுள் இல்லையாம். தனக்கு மேலே ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் கடவுளாம். உண்மையில் மேலே அவரைப் பெற்ற தாய் ஒருத்தி இருக்கிறாளாம்; அது அவருக்குத் தெரியாதாம். எல்லா மரத்திலும் தின்னலாம், ஒன்றில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவர்தானாம்.

கதிரவேலு கிணற்றடிக்கு அடுத்த வாழையைப் பார்த்தார். அதில் ஒரு இதரைக் குலை சாக்குச் சுற்றித் தொங்கியது. திருவெம்பாவையின் கடைசிநாள் பூசைக்கு என்று நேர்ந்து விட்டது. விழுந்த பழம் எதையும் தின்னலாம், அந்தக் குலையில் நிழல்கூடப் படக்கூடாது என்பது உத்தரவு.

"உந்த ஆளை எனக்குத் தெரியும் ரீச்சர். காலமை ஏழு மணிக்கு மோட்டச்சைக்கிளிலை வாறவர். மேலை இருக்கிறது தாயில்லை, மனிசி. மிச்சமெல்லாம் சரி."

இராசநாயகத்தாரின் மனைவி குணலட்சுமியை அவர் சொன்னார். தோட்டத்தில் எந்த வாழை எப்போது வெட்டுவது என்பது அந்த அம்மாவின் அடுப்படியில்தான் முடிவாகும். மறுநாள் காலை இராசநாயகத்தார் அதைத் தன்னுடைய யோசனையாகக் கொண்டுவருவார்.

வியாழக்கிழமை பின்னேரம் கோயில் கூட்டம். இராசநாயகத்தார் அதில் பொருளாளர். அந்தக் கூட்டங்கள் விளக்கு வைக்கும்வரை சண்டையில் போகும். ஆகவே வியாழன்.

நிஸாம் மூன்று மணிக்கே பாண் ஓட்டோவோடு வந்துவிட்டான். யாழ்ப்பாண நகரில் அவனுடைய வாப்பா அப்துல் மஜீத் பாண் சுடுகிற வெதுப்பகம் வைத்திருக்கிறார். அப்பத்துக்குப் பதிலாக, போறணை அடுப்பில் இருந்து இறக்கிய பத்துப் பாண், கைவைக்க முடியாத சூடு. எதற்கு என்று கேட்டான். சொன்னார்கள். படத்தில் ஓட்டோவில் உள்ள பெயர் விழக்கூடாது, பாம்பு ஊர்ந்த பாணில் ஒன்றைக்கூடத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று இரண்டு நிபந்தனை போட்டான். ஆனால் போகவில்லை. ஓட்டோவைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு அதன் கூரைக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு தண்ணீர் வாளியைக் கவிழ்த்து, பலகை வைத்து, தர்சிகாவின் வெள்ளைத் துண்டை விரித்தார்கள். பாண் குவிந்தது. காலையிலேயே பிடித்து ஓலைப்பெட்டிக்குள் விட்டிருந்த ஆளை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார் கதிரவேலு. தர்சிகா போனைப் பிடித்தபடி கிரேக்கமோ என்னவோ ஒன்று மெல்லச் சொன்னாள்.

ஆள் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வாடைக்காற்று குளிராக அடித்தது. ஆளுக்குக் கிரேக்கம் தெரியாது போல என்று நிஸாம் படலையில் இருந்து சொன்னான். பிறகு பெட்டி விளிம்பில் ஒரு தலை வந்தது. நாக்கு இரண்டு தடவை வெளியே வந்து பார்த்தது. ஆறு அடி உடம்பும் அவசரமே இல்லாமல் இறங்கி, பாண் குவியலைச் சுற்றி வளைந்து, மேல் பாணில் தாடையை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

தர்சிகாவின் கண் கலங்கிப்போனது. புத்தகத்தில் உள்ளதுபோலவே வந்து படுத்துவிட்டதே என்று கிசுகிசுத்தாள்.

"சூட்டுக்கு வந்திருக்கு ரீச்சர்," என்றார் கதிரவேலு. "குளிருக்குள்ளை நானும் உதிலை ஏறிப் படுப்பன். உங்கடை ஆக்களும் சுடச்சுடத்தான் வைச்சிருப்பினம்."

தர்சிகா போனைத் தாழ்த்திவிட்டு அவரைப் பார்த்தாள். எந்தப் புத்தகத்திலும் இது இல்லையே என்றாள். புத்தகம் எழுதினவை பாணைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டினம் என்றார் அவர்.

அடுத்தது கொஞ்சுகிற கட்டம். அவளால் ஏலாது, மூன்று அடிக்குக் கிட்டப் போகக் கால் வரவில்லை. நீங்கள் செய்யுங்கோ அண்ணை, நான் பிடிக்கிறேன் என்று கெஞ்சினாள்.

"கலியாணம் கட்டேக்கையே ஒருத்தரும் என்னைக் கொஞ்சச் சொல்லேல்லை," என்றார் கதிரவேலு. ஆனாலும் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குனிந்தார். அந்தக் கூட்டம் வெற்றுடம்போடுதான் நின்றிருக்கும் என்று ஏனோ அவருக்குத் தோன்றியது. ஆளின் மூச்சு பாண் மணத்தது.

அன்றைக்குப் பார்த்துக் கோயில் கூட்டத்தில் சண்டை முதலாவது விசயத்திலேயே தொடங்கி, முதலாவது விசயத்திலேயே முடிந்திருந்தது. வெயில் தாழ்ந்த நேரம், வாழை இலைகளுக்குள் காற்று சரசரக்க, இராசநாயகத்தார் தோட்டத்துக்குள் நடந்து வந்தார்.

"கதிரவேலு, எங்கையடா நிக்கிறாய்?"

கதிரவேலு ஒரு பெரிய வாழைக்குப் பின்னால் பாய்ந்தார். கைக்கு வந்த இலையை இழுத்து வெறும் மேலை மறைத்தார். அதே மரத்துக்குப் பின்னால் தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இதே கேள்விதான் அந்த ஏதேன் தோட்டத்திலும் கேட்கப்பட்டது என்று அவள் சொன்னதில் பாதி சிரிப்பில் போய்விட்டது. கதிரவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்கு முன்னால் தகரக் கூரைதான் நின்றது.

இராசநாயகத்தார் மேசையைக் கண்டார். துண்டைக் கண்டார். பாணைக் கண்டார். பிறகு, தான் எரித்த பாம்பு பாணில் தாடையை வைத்துக்கொண்டு தன்னைப் பார்ப்பதைக் கண்டார். இந்தமுறை தொட்டி தூரத்தில் இருந்தது.

"நீ அடிச்சு எரிச்சனெண்டெல்லோ சொன்னனீ."

"ஓம் ஐயா," என்றார் கதிரவேலு இலைக்குப் பின்னால் இருந்து.

ஆர் உனக்கு இதெல்லாம் படிப்பித்தது என்று குரல் ஏறியது. கதிரவேலு தர்சிகாவைப் பார்த்தார். தர்சிகா பாம்பைப் பார்த்தாள். பாம்புக்குப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. அது கண்ணை இமைக்காமல் பாணிலேயே கிடந்தது.

இராசநாயகத்தார் அரை மணித்தியாலம் கொடுத்தார். கொட்டிலைக் காலி பண்ணு, இனி இந்தப் படலைக்குள் கால் வைக்காதே. தர்சிகா முன்னால் வந்து பிழை தன்னுடையது, தான்தான் கேட்டது என்று சொல்லிப் பார்த்தாள். படிச்ச பிள்ளையள் வாயைத் திறக்கக் கூடாது என்று பதில் வந்தது.

இரண்டு பானை, ஒரு பாய், மனைவியின் படம், வாசிகசாலைக் கொப்பி. ஆளை மறுபடி பெட்டிக்குள் விட்டு மூடினார். படலைக்கு வரும் வழியில் கிணற்றடி வாழையைக் கடந்தபோது சாக்குக்குள் கையைவிட்டு ஒரு பழத்தை ஒடித்தார். தோலை உரித்து, இராசநாயகத்தார் பார்க்கப் பார்க்கக் கடித்தார். துவர்த்தது. இன்னும் நாலு நாள் போகவேண்டிய காய். இதற்கோ இவ்வளவு சட்டம் என்று நினைத்தபடி மிச்சத்தையும் தின்றார்.

"தொண்ணூறிலை எங்கடை வாப்பாவையை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லேக்கை ரெண்டு மணித்தியாலம் குடுத்தவை," என்றான் நிஸாம் பாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு. "உங்களுக்கு?"

"அரை."

"சாமானும் குறைவுதானே."

வெதுப்பகத்து விறகுக் கொட்டிலில் படுக்க இடம் கிடைத்தது. அப்துல் மஜீத் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மா மூடைக்குள் எலி என்று மூன்று மாதமாகத் தலையில் அடித்துக்கொண்டிருந்த மனிசன், வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இருந்தால் சரி என்று மட்டும் சொன்னார். போறணைக்குப் பின்னால் சூடான செங்கல். ஆள் அதைக் கண்டுபிடிக்க அரை நாள்கூட எடுக்கவில்லை. கதிரவேலுவுக்குத்தான் நித்திரை இல்லை. சாமம் இரண்டுக்கு எழுப்பி மாக் குழைக்கிற இடத்தில், இந்த வயதில் புதுவேலை பழக அவருக்கு முதுகு இல்லை. அடுத்த கிழமை அந்தக் கொட்டிலுக்கு விறகு வருகிறதாம். அதற்குப் பிறகு எங்கே படுப்பது என்று தெரியாது.

ஒன்பதாம் நாள் மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது. இராசநாயகத்தார் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார். பதினொரு வாழை சரிந்துபோனதைச் சொன்னார். நேர்ந்து விட்ட குலையை, சாக்கையும் கிழித்து, ஒரு சீப்பு விடாமல் எலி தின்றுவிட்டதைச் சொன்னார். அதில் ஒரு பழத்தின் கதையைக் கதிரவேலு விளங்கப்படுத்தப் போகவில்லை.

"வா, வந்து ஏறு," என்றார் இராசநாயகத்தார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

கதிரவேலுவுக்கு அப்போதே ஓடிப்போய் ஏறவேண்டும் போலத்தான் இருந்தது. கைகளைச் சாரத்தில் துடைத்தார். கையுறை வேண்டும் என்றார். சரி. சப்பாத்து. சரி, சரி. ஆளும் வருவார்.

இராசநாயகத்தாரின் முகம் கறுத்தது. பாம்போடு தன்னை ஒருவரும் பேரம் பேச ஏலாது, தோட்டம் தன்னுடையது, தான் வைத்ததுதான் சட்டம் என்று சொல்லிக்கொண்டு போனார்.

"நீங்கள் உங்களுக்கு மேலை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ ஐயா."

இராசநாயகத்தார் வானத்தைப் பார்த்தார்.

"அங்கை இல்லை," என்றார் கதிரவேலு. "வீட்டை."

இராசநாயகத்தாரின் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டார். குணலட்சுமியின் குரல் வெளியில் நின்றவர்களுக்கும் கேட்டது. சொல் விளங்காவிட்டாலும் போக்கு விளங்கியது. ஓம் என்றார். பிறகும் ஓம். நீளமாக ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாம்புமோ?" என்றார். அதற்கு வந்த பதில் சின்னது.

நிஸாம் போறணைக்குப் பின்னால் போய், பாம்பை விட மனமில்லாமல், பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். எலித்தொல்லை வந்தால் மாதத்தில் இரண்டு நாள் அனுப்பிவைக்கச் சொல்லி ஒப்பந்தம் பேசினான். கதிரவேலு மோட்டச்சைக்கிளின் பின் சீற்றில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து, மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டார். ஆளுக்கு வழியில் குளிராமல் இருக்க ஒரு சூட்டுப் பாணும் உள்ளே கிடந்தது.

நகரத்தில் இருந்து நீர்வேலி வரைக்கும் இராசநாயகத்தார் பெட்டி முதுகில் முட்டாமல் இருக்க, எண்ணெய்த் தாங்கியில் நெஞ்சு படக் குனிந்துகொண்டே ஓட்டினார்.