கொல்லைக் கதவில் சீலு

கத்திரி வெயில் தொடங்கியதும் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அந்த இரண்டு மாதமும் பிறர் எழுதியதைப் படிக்க மட்டும். ஆடி பிறந்துவிட்டால் அடுத்தவர் புத்தகத்தைத் தொடமாட்டேன். அவர்கள் நடை என் கையில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க எழுத்து. மார்கழியில் திருத்தம். இருபத்து மூன்று வருடமாக என் வருடம் இப்படித்தான் சுற்றுகிறது.

இதற்கு நடுவே ஒரு சின்ன வேலை உண்டு. நூற்றுக்கு மேல் குடும்ப நாவல்கள் எழுதியாகிவிட்டது. எந்தக் கதாநாயகிக்கு என்ன பெயர் வைத்தேன் என்பது நினைவில் நிற்பதில்லை. பெயர்களைக் குறித்து வைத்திருந்த நோட்டு 2015 வெள்ளத்தில் என் பிரதிகளோடு சேர்ந்து கூழாகிவிட்டது. அதனால் ஆனிக் கடைசியில் லஸ் பக்கத்துச் சந்தில் இருக்கும் அப்துல் வஹீத் பாயின் வாடகை நூலகத்துக்குப் போய், என் நாவல்களை நானே வாடகைக்கு எடுத்து வருவேன். பாய்க்கு அதில் தீராத வேடிக்கை.

"இன்னாம்மா இது, ஓட்டல்காரரு தன் கடையிலயே பில்லு கட்டி சாப்புட்றாப்ல கீது" என்பார்.

மதியத் தொழுகைக்குப் போகும்போது ஷட்டரை முழங்கால் உயரம் வரை இறக்கிவிட்டு, உள்ளே யார் படித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் போவார். யாராவது தட்டினால் தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் பொறுப்பு.

போன வருடம் ஆனியில் முதலில் கையில் கிடைத்தது என் முதல் நாவல். அதன் கடைசி அத்தியாயத்தில், வீட்டைவிட்டுப் போன தங்கை கைக்குழந்தையோடு வந்து கொல்லைக் கதவைத் தட்டுவாள். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொள்வாள். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "அம்மாவும் இப்படித்தான் தட்டுவாளாம். அப்பா சொன்னார்."

வாடகைப் புத்தகத்தில் வாசகர்கள் கிறுக்குவது புதிதல்ல. 'ஹீரோ சரியான தத்தி' என்று எழுதியவர்கள்கூட உண்டு. ஆனால் அப்படித் தட்டியவள் ஒரே ஒருத்திதான். என் தங்கை ஸ்ரீலக்ஷ்மி. எங்களுக்குச் சீலு. மேட்னி ஷோ பார்த்துவிட்டுத் தாமதமாக வரும் நாட்களில் அப்பாவுக்குத் தெரியாமல் கொல்லை வழியாக நுழைய நாங்கள் இருவரும் வைத்துக்கொண்ட தட்டு அது. சீலு, வடபழனியில் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்த ஜீஷானைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். கொஞ்ச வருடத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஜீஷான் போட்ட கார்டில்தான் தெரிந்தது. 'மகள் அதீபாவுக்கு நாலு வயது' என்பது கடைசி வரி. அப்பா கார்டைக் கிழித்துப் போட்டார். நானும் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கொல்லையே கிடையாது. ஆனாலும் அந்தக் குறிப்பைப் படித்த அன்று இரண்டு முறை சமையலறைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் மற்ற நாவல்களையும் எடுத்து வந்தேன். இந்த முறை பெயர்களைப் பார்க்கவில்லை. பதினோரு நாவல்களில் யாரோ ஒருத்தி அதே மாதிரி கதவைத் தட்டுகிறாள். தி. நகரில் புடவை எடுக்கும் ஒருத்தி சீலு மாதிரியே முந்தானையை முகர்ந்து பார்க்கிறாள். ஒருத்திக்குச் சீலுவின் கோபம், ஒருத்திக்கு அவளுடைய இரண்டாவது கால் விரல், கட்டை விரலைவிட நீளமாக. ஒரே பெயர் திரும்ப வந்துவிடக் கூடாதே என்று வருடா வருடம் பார்த்துக்கொண்டிருந்த நான், சீலு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவள் வேறொருத்தி. அந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரே கேள்வி: "இது அவளா?"

நான் பென்சிலை எடுத்தேன். 'ஆமாம்.' 'சிரிப்பு மட்டும்.' 'இல்லை, இவள் என் கற்பனை. உன் அம்மா இவ்வளவு பொறுமைசாலி இல்லை.'

என் கணவர் ஜெயராம் எட்டிப் பார்த்தார். "யாரோட பரீட்சை பேப்பர் திருத்திண்டிருக்கே?"

"பேர் பாத்துண்டிருக்கேன்" என்றேன்.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தபோது பாய் பக்கங்களைப் புரட்டினார். எழுதினவங்களே எழுதினா யார்கிட்ட போய்ச் சொல்றது என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் இவற்றை எடுப்பது என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். அடையாறில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் பெண் என்றும், சனிக்கிழமை மதியம் வருவாள் என்றும், என் புத்தகம் தவிர எதையும் தொடமாட்டாள் என்றும் சொன்னார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நான் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை.

ஆடியில் எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. எந்தப் பெண்ணை எழுதினாலும் இரண்டு பக்கத்தில் சீலுவாகி வந்து நின்றாள். அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் புதன்கிழமைதோறும் நூலகத்துக்குப் போனேன். அம்மா பாடுவாளா என்று ஒரு நாவலில் கேட்டிருந்தாள். தப்பும் தவறுமாக என்று எழுதினேன். எனக்கு அம்மா ஜாடையா என்று இன்னொன்றில். அதற்கு என்ன எழுத? உன்னை நான் பார்த்ததில்லை என்றா?

புரட்டாசியில் முதல் நாவலின் கடைசிப் பக்கத்தில் இது இருந்தது: "மயிலாப்பூருக்கு ஒருமுறை என்னைத் தூக்கிக்கொண்டு போனாளாம். வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டாளாம். நீங்கள் ஏன் கதவு திறந்ததாக எழுதினீர்கள்?"

வீட்டில் யாரும் இல்லை. சீலு தன் புருஷனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அன்று வீடு நிறைய ஆட்கள். ஜெயராம் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறையில் பஜ்ஜித் தட்டோடு தனியாக நின்றேன். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு. தாழ்ப்பாளில் கையை வைத்தேன். இருபத்தேழு வயது எனக்கு; அதற்கு முன் வந்த நாலு வரனும் சீலு விஷயம் தெரிந்து விலகியவை. கொல்லையில் எட்டு மாதக் குழந்தையோடு நிற்பவளை இவர்கள் பார்த்துவிட்டால் இதுவும் போகும். மறுபடியும் தட்டினாள். மூன்று, ஒன்று. யாருடி என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். பூக்காரி என்றேன். தட்டு நின்றது. நான் பஜ்ஜியைக் கொண்டுபோய் வைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு 'ஆமாம், யாரும் இல்லை, கதைக்காக மாற்றினேன்' என்று எழுதிவிடலாம். சீலுவே வழி பண்ணி வைத்திருந்தாள். எழுதினால் புதன்கிழமைகள் நிற்காது. உண்மையை எழுதினால் அவள் அந்தப் புத்தகங்களை இனித் தொடமாட்டாள்.

ஐப்பசி முழுக்க அந்தப் புத்தகம் என் மேசையில் கிடந்தது. தீபாவளி கழிந்த மறுநாள் பின்னட்டையின் உட்பக்கத்தில் எழுதினேன்: "வீட்டில் நான் இருந்தேன். தட்டியது அவள்தான் என்று தெரியும். திறக்கவில்லை." கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் புயலில் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர். மழை ஓய்ந்த பிறகும் பல நாள் நான் போகவில்லை. சமையலறையில் நிற்கும்போது தட்டும் சத்தம் கேட்டது. குழாய்தான், வேறொன்றுமில்லை என்று ஜெயராம் பிளம்பரை வரவழைத்தார். பிளம்பர் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுப் போனார். சத்தம் நிற்கவில்லை.

தை பிறந்து போனபோது பாய் கொடி கட்டிக் கிளிப் போட்டுப் புத்தகங்களைக் காயவைத்திருந்தார். என் முதல் நாவல் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. நூலக முத்திரையின் மை கரைந்து ஊதாக் கறையாகியிருந்தது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

"அந்தப் பொண்ணு எடுத்துனு போயி திருப்பித் தந்துட்ச்சும்மா, மழைக்கு முன்னாடியே" என்றார் பாய்.

என் வரிகளுக்குக் கீழே ஒரே ஒரு வரி: "அப்போது நான் அழுதேனா?"

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பென்சிலை எடுத்துவிட்டு மறுபடியும் பைக்குள் போட்டேன். அன்று புதன்கிழமை.

சனிக்கிழமை மதியம் போனேன். பாய் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார். உள்ளே ஈரத் தாளின் வாசனை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். படிக்கவில்லை.

ஷட்டரில் தட்டு விழுந்தது. மூன்று. ஓர் இடைவெளி. ஒன்று.

சீலு இல்லை என்று எனக்குத் தெரியும். என் புத்தகத்தைப் படித்து யாரும் பழகிக்கொள்ளக்கூடிய தட்டுதான் அது. ஆனாலும் ஷட்டருக்குக் கீழே தெரிந்த பாதங்களைப் பார்த்தேன். இரண்டாவது விரல் கட்டை விரலைவிட நீளம். எழுந்தேன். கை கொக்கிவரை போய் அங்கேயே நின்றது. வெளியே இருந்தவள் மறுபடியும் தட்டவில்லை. பாதங்கள் மெல்லத் திரும்பின.

குனிந்து இரண்டு கையாலும் ஷட்டரைத் தூக்கினேன். வெயில் கண்ணில் அடித்ததில் முகம் சட்டென்று தெரியவில்லை.

"நீ அழலம்மா" என்றேன். "காலை ஆட்டிண்டே இருந்தே. கொலுசு சத்தம் எனக்குக் கேட்டுது."

அந்த நூலகத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவள் கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்தாள்.