நீட்டிய கை

ஐரோப்பாவில் கூடைப்பந்துக் கழகங்களுக்கு நாலு படி. உச்சிப் படியில் நிற்க ஆட்டத்தைவிடப் பணப்பைதான் முக்கியம் என்று எங்கள் லிதுவேனியாவில் பச்சைக் குழந்தையும் சொல்லும். நாங்கள் நாலாவது படி. அதற்குக் கீழே தரைதான்.

அந்த மார்ச் மாதம் பெல்ஜிய அணியைத் தாண்டிவிட்டால் அடுத்த வருஷம் மூன்றாவது படி என்று கழகத் தலைவர் சொல்லியிருந்தார். எங்கள் பயிற்சியாளர் ரிம்விதாசுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷத்தில் ஒரு படிகூட ஏறாத மனிதர். "ஏறினா இருக்கேன், இல்லேன்னா போறேன்" என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் இரண்டு, வித்தியாசத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். அங்கே போய் எட்டுப் புள்ளியில் தோற்றிருந்தோம். இங்கே ஒன்பதில் ஜெயிக்க வேண்டும். உடை மாற்றும் அறைப் பலகையில் ரிம்விதாஸ் பெரிதாக 9 என்று எழுதினார்.

"எர்னஸ்டாஸ், முப்பத்தாறு வயசாச்சு உனக்கு. கணக்கு வரும்ல?"

"ஒன்பது வரைக்கும் வரும், கோச்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒன்பது விநாடி பாக்கி. 84–77, ஏழு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து என் கையில். ஒரு கூடைக்கு இரண்டு புள்ளி; ஒன்று போட்டால் போதும்.

எங்கள் உள்நாட்டு லீக்கில் ஒரு மரியாதை உண்டு. ஜெயித்தாகிவிட்டதென்றால் கடைசியில் பந்தைத் தட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். மேற்கொண்டு கூடை போட்டால் அது எதிராளியின் முகத்தில் கரி பூசுவது. பதினேழு வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறேன். எதிரே இருந்த பெல்ஜிய ஆட்டக்காரன் ஜோரிஸ் தடுக்க வரவில்லை. சிரித்தபடி கையை நீட்டினான். குலுக்கினேன். அரங்கமே கத்தியது, சந்தோஷத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

மணி அடித்தது. ஜோரிஸ் தன் ஆட்களிடம் துள்ளிக்கொண்டு ஓடினான். அப்போதுதான் பலகையில் இருந்த 9 எனக்கு ஞாபகம் வந்தது.

ரிம்விதாஸ் திட்டவில்லை.

"கை குடுத்தியா?"

"குடுத்தேன், கோச்."

"ம்."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அரங்கத்துச் சாவியை ஒப்படைத்தார்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியை மென்றேன், உப்புகூடத் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டு லீக் ஆட்டம். இருபது புள்ளி முன்னால் இருந்தோம். கடைசி விநாடிகளில் பந்து மறுபடியும் என்னிடம் வந்தது. எதிரணியில் என் பழைய கூட்டாளி தவுத்விதாஸ் கையை நீட்டினான்.

"போதும்டா, முடிஞ்சுது."

அந்தக் கையைத் தாண்டி ஓடிப் போய்ப் பந்தைக் கூடையில் போட்டேன்.

அரங்கம் முழுக்கச் சீழ்க்கை. எங்கள் ஊரில் அதுதான் வசவு. மூன்று நாள் முன்பு ஏன் போடவில்லை என்று திட்டிய அதே ஆட்கள்.

"டேய், கிறுக்கா! இப்ப எதுக்குடா போட்ட?" என்றான் தவுத்விதாஸ்.

எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. எங்கள் பெஞ்சைப் பார்த்தேன். ரிம்விதாசின் நாற்காலியில் யாரோ ஈரத் துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள்.