பதினான்காம் எண் மவுஸ்

மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்காமல் துள்ளினால் அதைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கவிழ்த்து, வெளிச்சம் வரும் துளையில் முடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கீழே கண்ணாடி மேஜையா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி மேல் அது குடிகாரன் மாதிரி நடக்கும். பிறகு ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருக வேண்டும். எதற்கும் மசியவில்லை என்றால் வேறு மவுஸ். இருபத்திரண்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு இதுதான் பிழைப்பு. நர்ஸுகள் என்னை எலி டாக்டர் என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ஆனால் நான் செய்கிற வைத்தியம் வேறு. புது மவுஸ் வேண்டுமென்றால் படிவம் எழுதி மூன்று பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும், இரண்டு வாரமாகும். அவ்வளவு நாள் யார் வசவு வாங்குவது? சத்தம் போடுகிறவர் மேஜையிலிருந்து கெட்டதை எடுத்து, சத்தம் போடாதவர் மேஜையில் மாட்டிவிடுவேன். அங்கிருந்த நல்லது இங்கே வந்துவிடும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் காலம் தள்ளினார்.

சத்தமே போடாத மேஜை ஒன்று உண்டு. மருந்துப் பிரிவில் ஜன்னலோரம். டாக்டர்கள் கையால் கிறுக்கித் தரும் சீட்டைப் பார்த்து, மருந்தையும் அளவையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள். அவள் ஏற்றியது அச்சாகி வார்டுக்குப் போகும். நர்ஸுகள் அதைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுப்பார்கள். அவளுக்குக் கணவன் இல்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். என்னை அண்ணா என்பாள்.

மூன்று மாதம் முன்பு மேலாளரின் மவுஸ் தகராறு செய்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் அவள் மேஜையில் மாட்டினேன். நான்கு நாள் கழித்து அவள் போன் செய்தாள்.

"அண்ணா, இது தானா நகருதுண்ணா. நான் ஒண்ணு எடுத்தா அது வேற ஒண்ணுல போய் நிக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கைய மெதுவா வச்சுப் பழகும்மா" என்றேன். அவளும் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். போய் ஒரு துணியால் துடைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அவள் கூப்பிடவே இல்லை.

போன வாரம் எட்டாவது வார்டில் ஒருவன் செத்துப்போனான். முப்பத்தைந்து வயது, தச்சு வேலை செய்கிறவன். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, தினம் இரண்டு மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அச்சான சீட்டில் பத்து என்று இருந்தது. ஐந்து நாள் பத்துப் பத்தாகக் கொடுத்திருக்கிறார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. அவன் மனைவி வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

மறுநாள் காலை மேலாளர் என்னை மருந்துப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"இந்தம்மா ரெண்டுதான் போட்டேன்னு சொல்லுது. மிஷின்ல கோளாறு இருக்கான்னு பாத்து ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கோளாறு இருந்தா இந்தம்மா தப்பிச்சுது. இல்லன்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்றார். அவருக்கு போன் வந்தது, வெளியே போனார். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். கை இரண்டையும் கட்டிக்கொண்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது.

துளையில் முடி இல்லை. மேஜை மரம்தான். ஒயரை மாற்றிச் சொருகினேன். பிறகு அந்த மாத்திரையின் அளவுப் பட்டியலைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, பத்து. இரண்டைத் தேர்ந்தெடுத்து, 'சேமி' பொத்தானை நோக்கி மவுஸை நகர்த்தினேன். இரண்டு என்றே நின்றது. மறுபடி செய்தேன். ஆறாவது தடவை மூன்று ஆனது. ஒன்பதாவது தடவை, என் விரல் சக்கரத்தில் படவே இல்லை, பத்து என்று நின்றது. நடுச்சக்கரம் தேய்ந்துபோனால் மவுஸ் லேசாக அதிர்ந்தாலே தானாக உருளும். அப்படி உருண்டால், எடுத்து வைத்த அளவு மாறிவிடும். இது எனக்குத் தெரியாதா? மூன்று மாதம் முன்பே தெரியும்.

கவிழ்த்தேன். அடியில் என் கையெழுத்தில் பதினான்கு என்று எண் இருந்தது. எந்த மவுஸ் எந்த மேஜைக்கு என்று நான் எழுதிவைக்கும் பதிவேட்டில் பதினான்குக்கு நேராக மேலாளர் அறை என்று இருக்கும். அது இங்கே எப்படி வந்தது என்று கேட்பார்கள். நான் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. எனக்கு வந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை.

"என்ன, முடிஞ்சுதா?" என்று மேலாளர் உள்ளே வந்தார்.

"குறை ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதை இரண்டே வரியில் எழுதிவிடலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். மத்தியானம் அலமாரியிலிருந்து ஒரு புது மவுஸை எடுத்து அந்த மேஜையில் மாட்டினேன். படிவம் கேட்டு யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்கு வேலை போனது. விசாரணையில் அவளே, "அண்ணா அப்பவே கைய மெதுவா வைக்கச் சொன்னாரு, நான்தான் கேக்கல" என்று சொன்னாளாம். மேலாளர் அதை என்னிடம் மெச்சிச் சொன்னார்.

போவதற்கு முன் அவள் என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பை. அழுது முடித்த முகம். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"வேலை போனது போகட்டும்ணா. வீட்டுலயே டைப் அடிச்சுக் குடுத்துக்கூடப் பொழச்சுக்குவேன். ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லுங்க. அந்த மவுஸ்ல நிஜமாவே ஒண்ணும் இல்லையா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் பொண்ணு மேல சத்தியம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

வாசலில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. எனக்கு அதைவிட நல்ல வாய்ப்பு யாரும் தந்திருக்க முடியாது.

"நல்லாத்தான்மா இருந்துச்சு" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவர நான்தான் கொன்னிருக்கேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு, "வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.