எங்கள் தெருவா, நம்ம தெருவா

சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம். எனக்கு ‘ஏன்’ என்று கேட்கிற பழக்கம். சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் துணி கொண்டுவந்தவரின் குடும்பக் கதையைக் கறந்துவிடுவேன் என்று என் முதலாளி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவளிடம் போய், தெருக்கூட்டத்துக்கு எங்கள் அடுக்குமாடியிலிருந்து ஏன் ஆள் வரவில்லை என்பதைச் சும்மா விடச் சொன்னால் எப்படி?

கூட்டம் போடுவது எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரம்மா. மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி, தலைமேல் இன்னொன்று. எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் தெருவில் பல பாஷைக்காரர்கள் இருக்கிறோம். வழியில் பார்த்தால் பல்லைக் காட்டுவோம், அதோடு சரி. இதை மாற்றத்தான் மாதம் ஒரு மாலை எல்லோரையும் மூலை மண்டபத்தில் உட்காரவைப்பார். ஆளுக்கொரு சொல்லைத் தங்கள் பாஷையிலிருந்து எடுத்து விளக்கவேண்டும். பிறகு தெருவின் குறைகளைப் பேசவேண்டும்.

இந்த முறை குறை பெரிது. முனையிலிருக்கும் பஸ் நிறுத்தத்தை எடுக்கப்போவதாக நகராட்சி கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. அது போனால் என் அக்காவின் வேலையும் போகும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அடுப்பைப் பற்றவைப்பவள் அவள். விடியுமுன் வரும் முதல் பஸ்ஸைப் பிடித்தாகவேண்டும். அடுத்த நிறுத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டு மாடிப்படிக்கே அவள் முழங்கால் ஆயிரம் பேரம் பேசும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இதற்காகப் போட்ட முதல் கூட்டத்துக்கு நானும் அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும் போனோம். தமிழர்களே நிறைந்த எங்கள் கட்டடத்திலிருந்து வேறு ஈ காக்கா இல்லை. நகராட்சி அதிகாரி காலி நாற்காலிகளைப் பார்த்தார். மத்தியானம் நேரில் வந்து பார்த்தபோதும் நிறுத்தத்தில் யாரும் இல்லை என்றார். கண்ணாடிக்காரம்மா மன்றாடி, அடுத்த வாரம் இன்னொரு கூட்டத்துக்கு அவரைச் சம்மதிக்கவைத்தார்.

மறுநாளே மூன்றாம் மாடி டெய்லரம்மாவைப் பிடித்தேன். அவரும் அதே பஸ்ஸில் போகிறவர்தான்.

“ஏங்க்கா கூட்டத்துக்கு வரல?”

“கூப்பிட்டாத்தானே வர்றதுக்கு?”

“வாசல்ல தமிழ்லயே போஸ்டர் ஒட்டியிருந்துச்சே!”

“படிச்சேன், படிச்சேன். நீயும் போய் ஒரு தடவை வாய்விட்டுப் படி.”

இறங்கிப் போய்ப் படித்தேன். ‘எங்கள் தெரு. நாங்களே முடிவு செய்வோம். சனிக்கிழமை மாலை, மூலை மண்டபம்.’

முதல் தடவை ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் தடவை என்னை யாரோ கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தியது போல இருந்தது.

பின்னாலேயே இறங்கி வந்த டெய்லரம்மா சொன்னார்: “எங்க தெரு, நாங்களே முடிவு பண்ணுவோம்னா என்ன அர்த்தம்? நீ உன் வேலையைப் பாருன்னுதானே? சரி, யாரோ என்னவோ பண்ணட்டும், நமக்கெதுக்கு வம்புன்னு எல்லாரும் இருந்துட்டோம்.”

தமிழில் எழுதியது வேறு யாருமில்லை, எங்கள் மாமாதான். பார்சல் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் அவருக்குப் ‘புலவர்’ என்று பெயர். உப்பு கேட்டால்கூட இலக்கணமாகக் கேட்பார்.

“மாமா, ‘நம்ம தெரு’ன்னு எழுதியிருக்கலாமே?”

“அந்தம்மா அவங்க பாஷையில எழுதிக் குடுத்ததை அவங்க சார்பா தமிழ்ல எழுதினேன். அவங்க பேசுறப்ப ‘நாங்கள்’தானே? எதுல தப்பு?”

“ஒரு தப்பும் இல்லீங்க,” என்றாள் அக்கா, முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே. “சுத்தமான தமிழ். என் வேலைக்கு நீங்களே வேட்டு வெச்சிட்டீங்க, அவ்வளவுதான்.”

புலவர் எழுந்து பேனாவைத் தேடப் போனார். அன்றைக்கே ‘நம்ம தெரு. நாமளே முடிவு பண்ணுவோம். வாங்க!’ என்று பேச்சுத்தமிழில் எழுதி ஒட்டினார். அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. சொல் சொல்லும் நேரத்தில் என்னை எழுப்பினார்கள். போஸ்டர் கதையைச் சொன்னேன். கண்ணாடிக்காரம்மா இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டார்.

“இருங்க, இருங்க. எங்க பாஷையில ஒரே சொல்லுதான். உங்ககிட்ட ரெண்டா? கேக்குறவரைச் சேர்த்தா ஒண்ணு, சேர்க்காட்டி இன்னொண்ணா?”

“ஆமா.”

“அப்போ வாயைத் திறந்தாலே, எதிர்ல நிக்கிறவர் உள்ளயா வெளியயான்னு முடிவு பண்ணியாகணுமா?”

நான் பிறந்ததிலிருந்து பேசும் பாஷை. இதை ஒருநாளும் யோசித்ததில்லை. ‘ஏன்’ என்று கேட்காமல் விட்ட ஒரே விஷயம் என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

பிறகு அக்கா எழுந்து தமிழில் பேசினாள், நான் மொழிபெயர்த்தேன். “சார் மத்தியானம் வந்து பார்த்தாராம். நாங்க ஏறுறப்ப அவர் தூங்கிட்டிருப்பாரு. அதுக்காக நம்ம ஸ்டாப்பை எடுத்துடுறதா?”

‘நம்ம’ வந்த இடத்தில் நான் தடுமாறினேன். ஆனால் கண்ணாடிக்காரம்மா சொல்லைப் பிடித்துக்கொண்டார். “நம்ம! நம்மன்னா சொன்னாங்க? அதுல சாரும் உண்டா?”

அக்கா அதிகாரியை மேலும் கீழும் பார்த்தாள். “வாய் தவறி வந்துடுச்சு. விடியக்காலையில முதல் பஸ்ஸுக்கு வரட்டும், அப்புறம் சேர்த்துக்கலாம்.”

மொழிபெயர்த்தேன். மண்டபமே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. “நான் எழுதுறதுதான் முடிவு. பார்த்துட்டு எழுதுறேன்,” என்றார்.

திங்கட்கிழமை விடியுமுன் அக்காவுக்குத் துணையாக நானும் நிறுத்தத்துக்குப் போனேன். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டெய்லரம்மா, பேக்கரிக்காரர், ஆஸ்பத்திரி ஆட்கள் என்று இருட்டில் வரிசை நீண்டிருந்தது. அதன் கடைசியில், காதுவரை மப்ளர் சுற்றி, கொட்டாவி விட்டபடி அதிகாரி நின்றிருந்தார்.

“எப்ப வரும்?” என்று அவர் பாஷையில் கேட்டார்.

‘எங்க’வா ‘நம்ம’வா என்று பிரியாத அந்தச் சொல்லைப் போட்டு, பஸ் இதோ வரும் என்று அக்காவும் அவர் பாஷையிலேயே சொன்னாள். கண்ணாடிக்காரம்மாவின் அதே பாஷை, அதில்தான் இரண்டுக்கும் ஒரே சொல்லாயிற்றே. எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, இப்ப சொன்னது எங்க பஸ்ஸா, நம்ம பஸ்ஸா?”

“பொறுடி. பார்த்துட்டுச் சொல்றேன்.”

பஸ் வந்தது. அக்கா கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, வலிக்கிற காலைக் கையால் தூக்கி ஏறினாள். அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லோரும் ஏறியபின் கம்பத்துக்குப் போய், நோட்டீஸை ஓரத்திலிருந்து உரித்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக ஏறினார்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியே அக்காவின் தலை வெளியே வந்தது.

“நம்மடி!” என்று கத்தினாள்.