சோடிக் கார்டு

பஸ்ஸைப் பார்த்துப் பத்து வயதுப் பையன் வாயைப் பிளக்கலாம். நாற்பத்தைந்து வயதில், தலையில் பாதி முடி கொட்டிய பிறகு, அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒரு மனிதர் பிளந்தால் அவரை என்னவென்று சொல்வது? அச்சகத்து ஜாஸ்பரைக் கேட்டால் சொல்வான். ஆனால் அதை அச்சில் ஏற்ற முடியாது.

அந்த மனிதரின் பெயர் சிவகணேஷ். நெல்லை பஸ் பிரியர் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரேதான். அவருடைய போன் அடித்தால் பாபநாசம் வண்டியின் ஹாரன் அலறும். ஒரு இழவு வீட்டில், பிணத்தைத் தூக்குகிற நேரத்தில் அலறியதாம். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சங்கத்தார் பஸ்களுக்குக் கார்டு போட்டிருந்தார்கள். முன்பக்கம் வண்டியின் படம், பின்பக்கம் ஓடுகிற தடம், இன்ஜின், ஏறுகிற கொண்டை ஊசி வளைவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் கார்டு மாற்றுவதைப்போல இந்தத் தடிமாடுகள் டீக்கடையில் நின்று, "முக்கூடல் ரெண்டு தாரேன், செங்கோட்டை ஒண்ணு தாரும்" என்று மல்லுக்கட்டுவார்கள். அதுவும் சலித்துப்போன பிறகு சோடிக் கார்டு என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இருக்கிற இரண்டு கார்டை எடுத்து ஒன்றாக்குவது, அவ்வளவுதான். இதன் முகத்தை அதன் உடம்பில் வைப்பது, டவுன் பஸ்ஸுக்கு ஏசி பஸ்ஸின் கண்ணாடியை மாட்டுவது. எந்தச் சாலையிலும் ஓடாத வண்டியைச் செய்துவைத்துவிட்டு அதன் வேகத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை போடுவது.

செய்து கொடுக்கிற வேலை ஜாஸ்பர் தலையில் விழுந்தது. பாளையங்கோட்டையில் நூர்முகம்மது பாயின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் அவன்தான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து பேனர், இதற்கு நடுவில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் கல்யாணம். வேலையில் அவன் கெட்டிக்காரன். ஒரு கார்டிலிருந்து உருவத்தை ஓரம் பிசிறில்லாமல் வெட்டி எடுத்து இன்னொரு கார்டில் வைத்தானென்றால் ஒட்டுப்போட்டது எவன் கண்ணுக்கும் தெரியாது. தெரியாது என்பதாலேயே அவனுக்கு எல்லார் மேலும் ஒரு இளக்காரம். பார்க்கத் தெரியாத குருட்டுக் கூட்டம் என்று நினைத்துக்கொள்வான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சிவகணேஷ் வந்து மேஜைமேல் இரண்டு கார்டுகளை வைத்தார். ஒன்று மலைமேல் தேயிலை எஸ்டேட்டுக்குப் போகிற மாஞ்சோலை பஸ். மற்றது சங்கத்துக் கார்டு இல்லை. ஏதோ பொருட்காட்சியில் விற்ற மலைக்காட்சி வரிசையில் வந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு பெண், இடுப்புக்கு மேல்தான் தெரிகிறாள். தலையில் துண்டு, முதுகில் சாக்கு, பல் தெரிய வாய் திறந்திருக்கிறது, வலது கை உயர்ந்திருக்கிறது.

"எஸ்டேட்ட காலி பண்ணிட்டு சனமெல்லாம் எறங்கியாச்சுல்லா" என்றார் சிவகணேஷ். "நம்ம சங்கத்து ஆண்டு விழாவுக்கு வார எல்லாருக்கும் இந்த வருசம் ஒரு சோடிக் கார்டு. இந்தப் பொம்பளைய இந்த பஸ் படிக்கட்டுல ஏத்தி நிறுத்தும். சிரிச்சிக்கிட்டே டாட்டா காட்டுதா பாரும். கீழ 'போய் வருகிறேன் மாஞ்சோலை'ன்னு போட்ரும். பாக்கவன் கண்ணுல தண்ணி வரணும் வே."

ஜாஸ்பர் கார்டைப் பார்த்தான். படத்தில் இருந்தது அவன் அம்மா ஞானம்மாள்.

படம் எடுத்த கதையும் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு வேலை முடிந்து வந்து அடுப்பை மூட்டுகிற வரைக்கும் அவள் ஆத்திரம் அடங்கவில்லை. கேமராவோடு வந்த எவனோ ஒருவன், பறித்து வைத்திருந்த கொழுந்துச் சாக்கின் மேல் செருப்புக்காலோடு ஏறி நின்றிருக்கிறான். "எறங்குலே, அது திங்கிற பொருளுலே" என்று கையை ஓங்கிக் கத்தியிருக்கிறாள். அந்த நேரத்தில் எடுத்த படம் இது. சிரிப்பாம், டாட்டாவாம்.

"இந்தம்மா சிரிக்கல அண்ணாச்சி. ஏசுதாங்க" என்றான் ஜாஸ்பர்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

எங்கம்மா என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று பாய் சொந்த ஊர் எதுவென்று கேட்டபோது கல்லிடைக்குறிச்சி என்று சொல்லிவைத்தவன் அவன். மாஞ்சோலை என்று சொன்னால் கேட்கிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பாவப்பட்டவன் என்று உச்சுக் கொட்டுவார்கள், இல்லையென்றால் குடுத்துவச்சவன் என்று பெருமூச்சு விடுவார்கள். இரண்டுமே அவனுக்கு ஆகாது. ஐந்தாறு வருடமாகக் கல்லிடைக்குறிச்சிக்காரனாகவே காலத்தை ஓட்டிவிட்டான்.

"பாத்தா அப்படித் தெரியுது" என்றான்.

"சொர்க்கத்துல இருந்தவ எதுக்குவே ஏசப் போறா? நான் ஒருமட்டம் போயிருக்கேன். மேகம் வந்து தோள்ல உக்காருது. அந்தச் சனங்க குடுத்துவச்சவங்க."

குடுத்துவச்சவர்களில் ஒருவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். வயிற்றுவலியோடு அந்த பஸ்ஸில் வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்காரியம் பேசினான்.

"இடுப்புக்குக் கீழ படமே இல்லியே அண்ணாச்சி. படிக்கட்டுல நிக்கணும்னா காலு வேணும்."

"ஏதாவது ஒரு பொம்பள கால ஒட்டும். அத எவன் பாக்கப் போறான்?" சிவகணேஷ் பஸ் கார்டைக் கையில் எடுத்தார். முகத்தில் பக்தி வந்துவிட்டது. "ஆனா இங்கன பாரும், இந்த எடது லைட்டு. இது மாத்துன லைட்டு. மத்ததவிட ஒரு பொட்டு மங்கல். அத விட்ராதயும். நம்ம ஆளுக கண்டுபிடிச்சி நாறடிச்சிருவானுக."

விளக்கு மங்கினால் நாறடிப்பார்களாம். அம்மாவுக்கு மட்டும் எவள் காலாவது போதுமாம். தூ என்று துப்பலாம்போல இருந்தது ஜாஸ்பருக்கு. இந்த ஜென்மங்களுக்கு நடுவிலா வயிறு வளர்க்கிறோம் என்று அருவருத்துப்போனான். சரி அண்ணாச்சி என்று சொன்னதும் அவன்தான்.

சாயங்காலம், எஸ்டேட்டை விட்டு இறங்கியவர்களுக்குக் கொடுத்த ரெட்டியார்பட்டிக் குடியிருப்புக்கு வந்தபோது ஞானம்மாள் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கால்களை அவன் நின்று பார்த்ததில்லை. குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெருவிரல் எலும்பு வெளியே புடைத்திருந்தது. ஒரு விரலில் நகமே இல்லை. கணுக்காலைச் சுற்றிலும் அட்டைப்பூச்சி கடித்த கறுப்புத் தழும்புகள்.

"எம்மா, கால அப்படியே வையி. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

"இத எதுக்குலே எடுக்க? கோட்டிக்காரா."

"வேலைக்குத்தான்."

மகன் வேலைக்கு உதவுகிறோமே என்று அவள் எண்ணெயைச் சேலை ஓரத்தால் துடைத்துவிட்டுக் காலை நேராக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் முழுக்க அவன் வேறு வேலை தொடவில்லை. அம்மாவைச் செடியிலிருந்து முடி முடியாகப் பிரித்து எடுத்தான். படிக்கட்டில் நிறுத்தினான். இடுப்புக்குக் கீழே சேலை கொடுத்து, அதற்குக் கீழே அவள் கால்களையே வைத்தான். வெயில் விழுகிற பக்கம் பார்த்து நிழல் போட்டான். மங்கல் விளக்கையும் விடவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். சொல்லாமலேயே சொல்லிவிட்டோம், மண்டையில் மசாலா இருக்கிறவன் புரிந்துகொள்ளட்டும் என்று ஒரு திமிர் வந்தது.

சிவகணேஷ் வந்து முதலில் விளக்கைப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். சக்கரத்தைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், கடைசியில் கண் கீழே இறங்கியது. முகம் சுருங்கியது.

"என்ன காலுவே இது? பாக்கச் சகிக்கல. எங்கன புடிச்சீரு இத?"

ஜாஸ்பர் மவுஸை நகர்த்தித் திரையில் படத்தைச் சிறிதாக்கினான்.

"விழாவுக்குப் பெரிய மனுசங்க வாராங்க. இதக் கையில குடுத்தா மூஞ்சிய சுழிப்பாங்கல்லா. பூ மாதிரி ஒரு கால் போடும் தம்பி. நீரு செய்யாத வேலையா?"

பக்கத்து மேஜையிலிருந்து நூர்முகம்மது பாய் எட்டிப் பார்த்தார். "ஆமாடே, மாத்திரு. அவங்க கேக்குத மாதிரி செஞ்சி குடு" என்றார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. இது எங்கம்மா கால், நான் மாஞ்சோலைக்காரன், நீங்களும் உங்கள் பஸ்ஸும் நாசமாய்ப் போங்கள் என்று அவன் மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "ஒரு பத்து நிமிசம் உக்காருங்க அண்ணாச்சி."

போன மாதம் ஒரு ஜவுளிக்கடைக்குச் செய்த பட்டுச்சேலை விளம்பரம் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதிலிருந்து கால்களை வெட்டினான். மருதாணி, மெல்லிய கொலுசு, வழவழப்பான விரல்கள். நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கிக் கொலுசை அழித்துவிட்டு ஒட்டினான். ஒட்டு தெரியவில்லை. சிவகணேஷ் கைதட்டினார். போகும்போது அவர் போன் அலறியது.

ஆண்டு விழாவுக்கு அவன் போகவில்லை. அந்தக் கூத்தை எவன் பார்ப்பான் என்று பாயிடம் சொல்லிவிட்டான். விழா முடிந்த மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வழக்கமான இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கார்டு.

"கோமு கொண்டாந்து தந்தா" என்றாள். கோமு அடுத்த வீட்டுக்காரி, அம்மாவோடு கொழுந்து பறித்தவள். "மாஞ்சோலை ஆளுகள்ல நாலஞ்சு பேருக்கு மரியாதை பண்ணுதோம்னு கூப்புட்டாங்களாம். ஒரு துண்டும் இதுவும் குடுத்தாங்களாம். வாங்குன ஒடனே, ஏ இது ஞானம்லான்னு ஓடியாந்துட்டா. நீ செஞ்சதுதானலே?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "ஆமா."

"நல்லாத்தான் செஞ்சிருக்க." கார்டைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தாள். "அன்னைக்கு அந்தப் பயல என்னா ஏச்சு ஏசுனேன். இங்கன சிரிச்ச மாதிரியில்லா இருக்கு."

அவள் பார்வை கார்டின் கீழ்ப்பக்கம் போய் அங்கேயே நின்றது.

"அன்னைக்கு என் கால போட்டோ எடுத்தியே. அத இதுக்குத்தானா எடுத்த?"

"ம்."

"சேரலியாக்கும்."

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒவ்வொரு பட்டம் வைத்திருந்த வாய் அவனுடையது. அவன் ஆணியில் தொங்கிய சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"இந்தக் காலு நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஞானம்மாள். குரலில் கோபம் இல்லை. "யாருதுலே?"

"தெரியலம்மா."

அவள் கார்டைப் பைய ஓரமாக வைத்தாள். நீட்டியிருந்த கால்களை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.