இடத்தொடையில் குறி

நெடுந்தீவு மதலேனாவின் சிவப்பி என்ற பசு, மாரிமழை தொடங்கியதிலிருந்து நிலத்தில் கால் வைக்கவில்லை. பனையுயரத்துக்குச் சற்றுக் கீழே இடப்பக்கமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுநுனி கல்வேலியில் கட்டியிருந்தது. கறக்கும் நேரம் மதலேனா இழுத்து இறக்குவாள், முடிந்ததும் விட்டுவிடுவாள். பால் காய்ச்சினபடியே வருவது தேத்தண்ணிக்கு வசதி, தயிர்தான் உறையவில்லை என்று ஊர் முறைப்பட்டது.

எல்லாம் மதலேனாவின் சிக்கனத்தால் வந்தது. வெயில் எட்டாத தூரத்துக்குப் போகிற விண்கலங்களுக்கு அணுச்சூடுதான் விறகு. அப்படியொரு வெளிநாட்டுக் கலம், போகிற அவதியில், முட்டையளவு துண்டொன்றை அவளுடைய பட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிற்று. ஆறாமல் சிவந்து கிடந்த அதில் முதலில் தேத்தண்ணி வைத்தாள். பிறகு மாடுகளுக்குக் குறிசுடும் நாளில், பனைமட்டையை ஏன் வீணாக எரிக்கவேணும் என்று, கம்பியை அதிலேயே பழுக்கவைத்துச் சிவப்பியின் வலத்தொடையில் ‘ம’ போட்டாள். அந்த ‘ம’ ஆறவேயில்லை.

துண்டைத் தேடிக் கையுறையோடு வந்த கூட்டத்தில் பிரியதர்சினி என்றொரு பொறியியலாளர் இருந்தாள். தாயின் ஊர் பக்கத்துத் தீவிலுள்ள சரவணை, என்றாலும் படகில் சத்தியெடுத்தே களைத்திருந்தாள்.

“அக்கா, சூடு பின்னாலை கக்கினால் மாடு முன்னாலை போகும். ஒரு பக்கம் மட்டும் சுட்டபடியால்தான் சுத்துது. மற்றத் தொடையிலையும் சுட்டால் நேராப் போகும்.”

“எவ்வளவு தூரம்?”

“நிக்காது அக்கா.”

அங்கேதான் சிக்கல். நெடுந்தீவில் வலத்தொடைக் குறி வளர்த்தவருடையது. இடத்தொடைக் குறி, மாடு கைமாறினால், வாங்கினவருடையது. இடப்பக்கம் சுடுவதென்றால் கொடுத்துவிட்டேன் என்று ஊரறியச் சொல்வது. மதலேனா ஒரு பனங்கிழங்கைக்கூட யாருக்கும் கொடுத்ததாக இதை எழுதும்வரை தகவலில்லை.

பசு மெலிந்தது. அசைபோட மறந்தது. மதலேனாவும் கல்வேலியைச் சுற்றிச் சுற்றியே நடந்தாள், அதுவும் இடப்பக்கமாக. கதிரையில் இருந்தால் எழும்பினாள், எழும்பினால் குசினிக்குப் போனாள், போன காரியம் மறந்து திரும்பினாள்.

“தலை சுத்திச் சாகப்போகுது, விடுமன் அக்கா” என்றாள் வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு றஞ்சனி. “ஆருக்குக் குடுக்கிறதெண்டு தெரியாட்டி என்ரை எழுத்தைப் போடும்.”

“உம்மடை எழுத்தோ? ஆசையைப் பார்! உம்மடை மாடு நிலத்திலை நிக்குது, நீர் கதைப்பீர்.”

ஒரு மத்தியானம் சிவப்பி படுக்கப் பார்த்தது. ஆகாயத்தில் முன்னங்காலை மடித்தது, படுக்க இடமில்லை. மடித்த காலோடு சுற்றியபடியே ஒருதரம் கத்தியது. மதலேனா சட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போய், பிரியதர்சினி அந்தத் துண்டைப் பூட்டிவைத்திருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னாள். கம்பியைப் பழுக்கவைத்து, மாட்டை இழுத்து இறக்கி, இடத்தொடையில் ஒரு வெறும் வட்டம் சுட்டாள். அது எந்த வீட்டுக் குறியுமில்லை. றஞ்சனி எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

கயிற்றை அவிழ்த்ததும் சிவப்பி நிமிர்ந்தது. சின்னத் தீவு, முன்னால் போனால் நிலம் உடனே முடிந்துவிடும் என்பதால் மேலே பார்த்துப் போயிற்று. எழுவைதீவுக்கு மேலே போகையில் அசைபோட்டதைக் கடலில் நின்றவர்கள் கண்டார்கள்.

அடுத்த வருசம் பிரியதர்சினி தொலைபேசி எடுத்தாள். “செவ்வாயைத் தாண்டிட்டுது அக்கா.”

“அங்கை தண்ணி இருக்காமே, குடிச்சதோ?”

“இல்லை, நிக்காமல் போயிட்டுது.”

“ஓம், அது பழக்கமில்லாத தண்ணியிலை வாய் வையாது” என்று சொல்லிவிட்டு மதலேனா மற்ற மாடுகளை அவிழ்க்கப் போனாள்.